கரிசல் காட்டில் ஒரு தனி வண்டி

நார்வே நாட்டில் ஃபியோர்டு என்று ஒன்று உண்டு. பனியுகத்தில் மலைமேலிருந்து இறங்கிய பனியாறுகள் பாறையைக் கீழே கீழே அறுத்துக்கொண்டே போயின. பனி உருகியபிறகு அந்தப் பள்ளத்துக்குள் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் படத்தில் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். சோங்னே ஃபியோர்டு கடற்கரையிலிருந்து நாட்டுக்குள் 200 கிலோமீட்டருக்கு மேல் நுழைகிறது; சில இடங்களில் ஆழம் 1300 மீட்டர். கெய்ராங்கர், நேரோய் என்ற இரண்டு ஃபியோர்டுகளை யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே மலையேறும் ட்ரோல்ஸ்டீகன் சாலையில் 11 கொண்டை ஊசி வளைவுகள். 1936-ல் திறந்த சாலை. அந்தச் சாலையில் ஹெல்மெட் போட்ட ஒரே ஒரு ஆள், பின்னால் யாரும் இல்லாமல், முன்னால் யாரும் இல்லாமல், பைக்கில் போய்க்கொண்டே இருப்பான். இந்த மாதிரி வீடியோவுக்குத்தான் இப்போது ஹாஸ்டல்களில் ரசிகர் மன்றம்.

திருச்சியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவனும் அந்த மன்றத்தில் உறுப்பினர். அவன் லேப்டாப் திரையில் கெய்ராங்கர். செல்போன் திரையிலும் கெய்ராங்கர். சொந்த ஊர் நாகலாபுரம். ஆந்திராவில் இருக்கும் நாகலாபுரம் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில், விளாத்திகுளத்துக்கு வடக்கே இருக்கும் நாகலாபுரம். "உங்க ஊர்ல பார்க்க என்னடா இருக்கு?" என்று அறைத் தோழர்கள் கேட்டால் அவனிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. "வேலிக்கருவையும் வெயிலும்."

போன பொங்கல் விடுமுறைக்கு அவன் ஊருக்குப் போனபோது வீட்டில் ஒரு விஷயம் காத்திருந்தது. அவன் அப்பாவுக்கு ஊருக்குக் கிழக்கே நாலு குறுக்கம் கரிசல் இருக்கிறது. மானாவாரிப் புஞ்சை. சூரிய மின்தகடு பதிக்க அந்தப் பக்கம் நிலம் கேட்டு புரோக்கர்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். பொங்கல் கழித்து வந்து பேசுவதாக ஒருவர் சொல்லியிருந்தார். "படிச்சவன் நீ. ஒரு வார்த்தை சொல்லு, குடுக்கலாமா வேண்டாமான்னு" என்றார் அப்பா. அவன் அந்தப் புஞ்சையில் கடைசியாகக் கால் வைத்தது ஏழாம் வகுப்பில். நார்வேயின் சாலை எண்கள் தெரியும், அப்பாவின் சர்வே எண் தெரியாது. என்ன சொல்வான்?

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, விடிவதற்கு முன், அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "எங்கடா?" என்ற அம்மாவிடம் "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்றான். "தனியாவா? கூட யாரும் வரலையா?" அன்றைக்கு முழுக்க அவன் கேட்கப்போகிற கேள்வியின் முதல் தவணை அது.

முதலில் புஞ்சைக்குத்தான் போனான். இரண்டு நாள் முன்பு மார்கழித் தூறல் விழுந்திருந்தது. தார் ரோட்டை விட்டு வண்டிப்பாதையில் இறங்கி ஐம்பதடி போயிருப்பான், பின்சக்கரம் சுற்ற மறுத்துவிட்டது. கரிசல் மண்ணைத் தெரிந்தவர்கள் ஈரத்தில் வண்டியை இறக்கமாட்டார்கள். அந்த மண்ணில் உள்ள களி, தண்ணீரைக் குடித்து உப்பும். காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஈரமாக இருக்கும்போது டயரில் அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்து, சிமெண்ட் போட்டதுபோல் நின்றுவிடும். குச்சியை எடுத்துக் குத்திக் குத்தி வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. செருப்பிலும் அதே கதை. பத்து அடி நடந்தால் ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடியிருக்கும். ஆள் இரண்டு அங்குலம் உயர்ந்திருப்பான்.

இந்த அப்பிக்கொள்ளும் குணத்தில்தான் அந்த மண்ணின் பிழைப்பே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போனபிறகு, அந்த ஈரத்தை மண் வயிற்றுக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. கிணறும் வாய்க்காலும் இல்லாமல், மார்கழிப் பனியையும் சேர்த்துக் குடித்து, பயிர் தை மாசி வரைக்கும் தாக்குப்பிடிக்கிறது. மழை வருவதற்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்காரும் சூதாட்டம் இது. மழை ஒரு வாரம் தள்ளிப்போனாலும் கஷ்டம், அறுவடை நேரத்தில் வந்தாலும் கஷ்டம். முன்பு கம்பும் சோளமும் பருத்தியுமாக இருந்த பூமியில் இப்போது உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் அதிகம். 2018-ல் படைப்புழு தமிழ்நாட்டுக்குள் வந்தபிறகு மக்காச்சோளமும் நிம்மதியான பயிராக இல்லை. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இல்லாத விஷயங்கள் இல்லை. ஆனால் ஏழு மணி வெளிச்சத்தில், கொத்தமல்லிச் செடி வெள்ளைப் பூவோடு கறுப்பு மண்ணில் படர்ந்து கிடப்பதை முட்டிக்கால் சேறோடு நின்று பார்ப்பது வேறு. அவன் செல்போனில் ஒரு படம் எடுத்தான். படத்தில் கொத்தமல்லி வாசம் வரவில்லை, அதனால் அது சுமாரான படம்.

விளாத்திகுளத்தில் வைப்பாற்றைத் தாண்டி முதல் டீ. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, சாத்தூர், இருக்கன்குடி வழியாக வரும் ஆறு. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகத்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில். டீக்கடை அண்ணாச்சி வண்டியையும் சேற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்க தம்பி, தனியா?" "எட்டயபுரம், கழுகுமலை அப்படியே..." "நேர்த்திக்கடனா?" இல்லை என்றான். "வேலை விஷயமா?" அதுவும் இல்லை. அண்ணாச்சி அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் கிளாஸைக் கழுவிக்கொண்டே ஒரு மாதிரி பார்த்தார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த பையன் என்று முடிவு கட்டியிருப்பார்.

அந்தப் பக்கத்தில் தனியாகப் பயணம் போகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆட்டு வியாபாரி போகிறார், டிவிஎஸ் 50-ல் பிளாஸ்டிக் குடம் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறார் ஒருவர், லாரிக்காரர் ராத்திரி முழுக்கத் தனியாகத்தான் ஓட்டுகிறார். ஆனால் காரணம் இல்லாமல், வேடிக்கை பார்ப்பதற்காகவே ஒருவன் தனியாகப் போவது என்பதற்கு ஊர்ப் பேச்சில் ஒரு பெயர் கிடையாது. வேடிக்கை என்றால் கூட்டமாகப் போவது: வேன் பிடித்து, புளியோதரை கட்டி, பாட்டுப் போட்டு. தனியாகப் போனால் கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு. இதுவே ஒரு பெண்பிள்ளை வண்டியில் தனியாக வந்து நின்றிருந்தால் கேள்வி நேர்த்திக்கடனோடு நின்றிருக்காது. வீட்டு நம்பருக்கு போன் போட்டுக் கேட்கும் வரை போயிருக்கும். ட்ரோல்ஸ்டீகன் வீடியோக்களில் பாதி பெண்கள் தனியாக ஓட்டுவது. அந்த வித்தியாசத்துக்கும் மலை கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எட்டயபுரத்தில் சனிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. பொங்கல் நெருக்கம் வேறு. ஆட்டோவிலும் மினி லாரியிலும் ஆடுகள் தலையை நீட்டிக்கொண்டு வர, சாலையில் ஸ்ப்ளெண்டர் நுழைய இடமில்லை. கைத்துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் பெரியவர்களைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றான். பிறகுதான் ஊருக்குள் போனான்.

எட்டயபுரம் என்றால் எல்லோருக்கும் பாரதி. 1882-ல் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. கல்கி முயற்சி எடுத்து மக்களிடம் நிதி திரட்டிக் கட்டிய மணிமண்டபத்தை 1947-ல் ராஜாஜி திறந்து வைத்தார். அதே ஊரில்தான் திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர் 1835-ல் காலமானார். சமாதி அங்கே இருக்கிறது. அதே ஊரில்தான் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலமும் இருக்கிறது. மூன்று பேரும் ஒரே சின்ன ஊரில், ஒரு சைக்கிள் மிதிக்கும் தூரத்துக்குள். சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைத் தமிழ்க் காப்பிய நடையில், நாட்டுப் படலம் நகரப் படலம் எல்லாம் வைத்துச் சொல்லும் நூல். அரபு நாட்டைப் பாடும்போது தமிழ்நாட்டு மழையையும் வயலையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார் புலவர். மழைக்கு ஏங்கும் மண்ணில் வளர்ந்தவர் அப்படிப் பாடியதில் ஆச்சரியம் என்ன?

உமறுப்புலவர் பிறந்த ஊர் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது நாகலாபுரம். இது அவனுக்குத் தெரியாமல் இல்லை, பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் "உங்க ஊர்ல என்ன இருக்கு" என்று கேட்டபோது ஒருநாளும் வாயில் வந்ததில்லை. பேர் தெரிந்த ஆள் பிறந்த ஊரில் பேர் தெரிந்தவனாக இருப்பது சுலபமில்லை போலும்.

கோவில்பட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தீப்பெட்டி, கடலைமிட்டாய், நெரிசல். கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கால் கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். அதுதான் அன்றைய மதியச் சாப்பாடு.

கழுகுமலையில்தான் வண்டியை நிறுத்திவிட்டு அவன் நிஜமாகவே நின்றுபோனது. கீழே முருகன் கோயில் கூட்டமாக இருக்கும். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து இந்த முருகனைத்தான் பாடுகிறது. மேலே பாறை ஏறினால் கூட்டம் கிடையாது. அங்கே இருப்பது வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். மலையின் சரிவில் சுற்றிலும் பள்ளம் வெட்டி, நடுவில் விட்ட ஒரே கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கி இறங்கியிருக்கிறார்கள். விமானத்தின் உச்சி முடிந்துவிட்டது. உமா மகேசுவரரும் பூதகணங்களும் குரங்கும் முடிந்துவிட்டார்கள். கீழே அடித்தளம் முடியவில்லை. வீடு கட்டுகிறவன் அஸ்திவாரத்தில் பணம் தீர்ந்து நிற்பான். இங்கே உச்சி முடிந்து அஸ்திவாரம் பாக்கி.

பக்கத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் கீழே செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில். ராஜாக்கள் பெயர் இல்லை, பெரும்பாலும் சாதாரண மனிதர்கள்: ஆணும் பெண்ணும், தச்சரும் குயவரும். தம் ஊர்ப் பெயரையும் சேர்த்து வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்பு கரிசலில் பாடுபட்டுச் சேர்த்த காசு.

நார்வேயில் பாறையை அறுத்தது பனி. அதற்கு லட்சக்கணக்கான வருடம் இருந்தது, கூலி கேட்கவில்லை. இங்கே அறுத்தது உளி. இரண்டையும் ஒப்பிடுவது நியாயம் இல்லைதான், அளவில் வெட்டுவான் கோயில் ஃபியோர்டின் ஒரு கூழாங்கல் கூட ஆகாது. ஆனால் ஃபியோர்டின் முன் நிற்கிறவனுக்கு "இதை யார் பாதியில் விட்டது, ஏன் விட்டது" என்று கேட்கத் தோன்றாது. ஊரில் அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். அப்பனும் மகனும் சிற்பிகளாம். இருவருக்கும் போட்டி. மகனின் உளிச்சத்தத்தைக் கேட்டு ஊர் பாராட்ட, அப்பன் பொறாமையில் உளியை வீச, மகன் செத்தான், கோயில் நின்றது. கதையைச் சொன்ன பெரியவர் கோயிலைச் சுற்றிப்பார்க்க வந்தவர்தான், ஊர்க்காரர். சொல்லி முடித்துவிட்டு, "தம்பி தனியாவா வந்திருக்க?" என்றார்.

திரும்பிக் கோவில்பட்டி வந்து நான்குவழிச் சாலையில் தெற்கே. வழியில் இடைசெவல். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற இரண்டு பேரைக் கொடுத்த ஒரே சின்னக் கிராமம். பள்ளிப் படிப்பை முடிக்காத கி.ரா. இந்த வட்டாரத்தின் பேச்சுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார்களுக்கு அது ஒரு பச்சைப் பலகை.

கயத்தாறு. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். நடிகர் சிவாஜி கணேசன் இடம் வாங்கிச் சிலை வைத்தார். பக்கத்தில் காற்றாலைகள் சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இங்கே வந்து நின்றபோதுதான் அவனுக்கு அந்தப் பத்தாம் வகுப்பு வரி ஞாபகம் வந்தது. சமூக அறிவியல் புத்தகத்தில் அவன் ஊரின் பெயர் வரும் ஒரே வரி. வகுப்பில் அதைப் படித்தபோது எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், ஏனென்றால் ஊர் பெயர் வருவது ஒரு தூக்குத்தண்டனைக்காக.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். பிடிபட்ட அவரது அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்துக்குக் கொண்டுவந்து செப்டம்பர் 13-ல் தூக்கிலிட்டார்கள். தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டியில் குத்தி வைத்தார்கள். ஏன் நாகலாபுரம்? அந்தப் பாளையமும் கட்டபொம்மன் பக்கம் நின்றது என்பதால். நாகலாபுரம் பாளையக்காரரின் தம்பி சௌந்தர பாண்டியனை, கோபாலபுரம் என்ற கிராமத்தில், சுவரில் தலையை மோதிக் கொன்றார்கள். கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, அக்டோபரில் கயத்தாற்றில் புளியமரத்தில். அதன்பிறகு பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, குளத்தூர், காடல்குடி என்று ஆறு பாளையங்களைக் கம்பெனி பறித்துக்கொண்டது. உதவி செய்த பாளையக்காரர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தது. சினிமா கட்டபொம்மனோடு நின்றுவிடுகிறது. சுவரில் மோதிச் செத்தவனுக்கு வசனம் எழுத யாரும் இல்லை.

நிலம் கைமாறிய கதைதான் இது என்று கயத்தாற்றுக் காற்றில் நின்றுகொண்டு அவனுக்குத் தோன்றியது. 1799-ல் கேட்காமல் எடுத்தார்கள். இப்போது வந்து கேட்கிறார்கள். விலை சொல்கிறார்கள். அதை இதோடு ஒப்பிடுவது அதிகப்படி என்றும் அவனுக்கே தோன்றியது. விற்கிற யாரையும் யாரும் சுவரில் மோதவில்லை. மூன்று வருடம் தொடர்ந்து மழை பொய்த்தால், பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டவேண்டும் என்றால், நாலு குறுக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கிற அப்பனின் கேள்வி நியாயமானது. பீஸ் அவனுக்குத்தான்.

பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது இருக்கும் கோட்டை 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பழைய மண்கோட்டையை 1801-ல் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அந்த வருடம் பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துப்போட்ட கோட்டையைச் சில நாட்களுக்குள் மறுபடி எழுப்பினார். பீரங்கி வைத்திருந்த படைக்கு அந்த மண்சுவரை உடைத்து நுழைய மே மாதம் வரை ஆனது. செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள் கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கின்றன. காவல்காரரிடம் அவன் வழி கேட்டான். "அங்க என்ன பார்க்கப் போற? தனியா வேற" என்றார் அவர். முள்ளுக்கு நடுவில் இருந்தது அந்த இடம். ஆளில்லாமல், சத்தமில்லாமல். தனிப் பயணத்துக்கு ஒரு உபயோகம் உண்டென்றால் இதுதான்: "போலாம்டா" என்று கையைப் பிடித்து இழுக்க ஆள் இருக்காது.

கடற்கரைச் சாலையை அவன் பிடித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் பனை, நடுவில் உடைமரம். வைப்பாறு கிராமத்துக்குப் பக்கத்தில், காலையில் விளாத்திகுளத்தில் தாண்டிய அதே ஆறு கடலைச் சேர்கிறது, சேர்கிற நாட்களில். நார்வேயில் கடல் மலைக்குள் 200 கிலோமீட்டர் போகிறது. இங்கே மலையிலிருந்து கிளம்பிய ஆறு கடலுக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. வேம்பாரில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். தூரத்தில் எங்கோ மன்னார் வளைகுடாத் தீவுகள். 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அலை பெரிதாக இல்லை. கடலைமிட்டாய் தீர்ந்துவிட்டது.

வேம்பாரிலிருந்து விளாத்திகுளம் திரும்பும் வழியில் இருட்டத் தொடங்கியபோது சாலையோரம் ஓர் இடத்தில் வெள்ளையாகப் புகை. கரிமூட்டம். வேலிக்கருவையை வெட்டித் துண்டு போட்டு, நெருக்கமாக அடுக்கி, மேலே இலைதழை போட்டு மண் பூசி மூடித் தீ வைத்துவிடுவார்கள். காற்றுப் போகாமல் நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வேகும். எங்காவது மண் உடைந்து காற்று நுழைந்தால் மொத்தமும் சாம்பல். அதனால் ராத்திரி பகல் காவல் இருக்கவேண்டும். இந்த மரத்தை வேரோடு அழிக்கவேண்டும் என்று 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவே போட்டது. வெளிநாட்டு மரம், நிலத்தைத் தின்னும் மரம், எல்லாம் சரி. ஆனால் மழை பொய்த்த வருடங்களில் அந்த வட்டாரத்தில் பல அடுப்புகள் எரிந்தது இந்தக் கரியில்தான். நல்லதா கெட்டதா என்று ஒரு வரியில் சொல்லத் தெரியாத மரம் அது.

மூட்டத்துக்குப் பக்கத்தில் ஐம்பது வயதுக்கு மேல் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கேட்டான். செம்பில் கொடுத்துவிட்டு, எதிர்பார்த்தபடியே கேட்டார்: "தனியாவாய்யா வர்ற, இந்த இருட்டுல?"

காலையிலிருந்து "சும்மா" என்றும் "சாமி கும்பிட" என்றும் சொல்லிச் சலித்துப்போயிருந்தது. உள்ளதைச் சொன்னான். அப்பாவுக்கு நாகலாபுரத்தில் நாலு குறுக்கம் இருக்கிறது, கரண்டு தகடு போடக் கேட்கிறார்கள், குடுக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை, அதுதான் ஊரைப் பார்த்துக்கொண்டு வருகிறேன் பெரியம்மா.

இதில் சிரிக்க எதுவும் இல்லை என்பதுபோல அந்த அம்மா கேட்டுக்கொண்டார். மூட்டத்தில் ஓர் இடத்தில் புகை கூடுதலாக வந்தது. எழுந்து போய் ஒரு கை மண்ணை அள்ளி அப்பிவிட்டு வந்தார். பிறகு கேட்டார்.

"குத்தகைக்கா, கிரயத்துக்கா?"

அவனுக்குத் தெரியவில்லை.

"சுத்திலும் உள்ளவுக குடுத்துட்டாகளா?"

அதுவும் தெரியவில்லை.

"மொதல்ல அதக் கேளுய்யா. சுத்திக் குடுத்து வேலி போட்டுட்டா, நடுவுல உள்ளவன் மாட்டை எது வழியாக் கொண்டு போவான்? ஆகாசத்துலயா?"

இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தவனுக்கு, அன்றைக்கு முழுக்கக் கேட்காமல் விட்ட இரண்டு கேள்வியும் ஒரு செம்புத் தண்ணீரோடு கிடைத்தது.

வீடு சேர எட்டரை ஆகிவிட்டது. அம்மா சாப்பாடு எடுத்து வைத்தார். அப்பா எங்கெல்லாம் போனாய் என்று கேட்டார், கழுகுமலை என்றதும், "மேல ஏறினியா? நான் ஏறி முப்பது வருசம் இருக்கும்" என்றார். அப்போதுதான் அவன் கேட்டான், குத்தகையா கிரயமா என்று.

"கிரயந்தான் கேக்கான். குத்தகை அவுகளுக்குத் தோதுப்படாதாம்."

"பக்கத்துப் புஞ்சை எல்லாம்?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "மேக்க ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டாச்சு. தெக்க உள்ளவரு மெட்ராஸ்ல இருக்காரு, அவரு குடுத்துருவாரு. குடுத்துட்டா பாதை போயிரும்னுதான் எனக்கும் யோசனை. இல்லன்னா எதுக்கு உங்கிட்டக் கேக்கேன்?"

அவன் செல்போனை எடுத்தான். பட்டாவும் புலப்படமும் இப்போது அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். "சர்வே நம்பர் சொல்லுங்க" என்றான். அப்பா யோசிக்காமல் சொன்னார், உட்பிரிவோடு. நெட் மெதுவாக இருந்ததால் படம் வருவதற்குள் சோறு ஆறிவிட்டது. வந்ததும் இருவரும் தலையை ஒட்டிக் குனிந்து பார்த்தார்கள். அவன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். காலையில் சக்கரம் சிக்கிய அந்த வண்டிப்பாதை கோடாக இருந்தது, தனி எண்ணோடு.

"இது பாதையா?" என்றார் அப்பா.

"பாதைதான். யாரு புஞ்சையிலயும் சேராது. தனியா இருக்கு."

அப்பா கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். விரலால் அந்தக் கோட்டின்மேல் மெதுவாகத் தடவிப் போக, படம் நகர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டது.

"இதைத் திங்கக்கிழமை விளாத்திகுளத்துல பிரிண்ட் எடுத்துட்டு வா. ரெண்டு காப்பி. புரோக்கர் வரும்போது நீயும் வீட்ல இரு."

"காலேஜ் அன்னைக்குத் திறந்துருவாங்கப்பா."

"ஒரு நா லீவு போடு."

அம்மா சோற்றில் மறுபடி சூடாகக் குழம்பு ஊற்றினார். வண்டி வாசலில் நின்றது, மட்கார்டுக்குள் காய்ந்த கரிசலோடு. அதைக் குத்தி எடுக்க நல்ல குச்சி ஒன்று வேண்டும் என்றார் அப்பா.